சிறு நிலத்தாருக்கு அங்ககச் சான்று அவசியமா?

இன்று நகரத்துக் கடைவீதிகளில் நடந்து செல்வோரின் கண்ணில் தவறாது படும் சொற்களில் ஒன்று 'ஆர்கானிக்' என்பதாகும். அரிசிக் கடையில் அதனைக் காண்கிறோம். எண்ணெய்க் கடையில் காண்கிறோம். முட்டைக் கூடையின் மேலும், முருங்கைக்கீரைக் கட்டின் மேலும் காண்கிறோம். சில இடங்களில் அதுவே 'இயற்கை' என்றும், 'பாரம்பரியம்' என்றும், 'நஞ்சற்றது' என்றும் தமிழுடை தரித்து நிற்கிறது. எப்பெயரில் நின்றாலும் விலை மட்டும் ஏறியே நிற்கிறது. அச்சொல்லை எழுதியவர் யார், எதனை நம்பி எழுதினார் என்று கேட்டு வாங்குவோர் சிலரே.

இனி, கிராமத்துப் பக்கம் திரும்புவோம். அங்கே ஒன்றரை ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் குடியானவர் ஒருவர் இருக்கிறார். மாட்டுத் தொழுவத்தின் எருவையும், தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரங்களையும் இட்டுப் பயிர் செய்கிறார். பூச்சி விழுந்தால் வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளிக்கிறார். அவருடைய களத்து மேட்டிற்கு வரும் வியாபாரி கேட்கும் முதற் கேள்வி, 'சான்றிதழ் இருக்கிறதா?' என்பதே. இல்லை என்றால், இரசாயன உரமிட்டு விளைந்த நெல்லுக்கு என்ன விலையோ அதே விலைதான். பொய்ப் பலகை வைத்தவர் அதிக விலை பெறுகிறார். மெய்யாக உழைத்தவர் சாதாரண விலையோடு திரும்புகிறார். இது நம் மனத்தை உறுத்தாமல் இருக்க முடியாது.

அப்படியானால், இச்சிறு குடியானவர் தம் விளைச்சலை விற்கச் சான்று பெற்றுத்தான் ஆகவேண்டுமா? நம் குடும்பங்களில் பயிர் செய்வோரும் உண்டு. விலை கொடுத்து வாங்கி உண்போரும் உண்டு. இரு சாராருக்கும் உரிய கேள்வியாதலின், இதனை நாம் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

சான்று பிறந்த கதை

விளைவிப்பவரும் உண்பவரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் சான்று என்னும் பேச்சே எழவில்லை. எவர் வயலில் என்ன இடப்பட்டது என்பது வரப்பில் நடந்து செல்லும் அனைவருக்கும் தெரியும். விளைந்த இடத்திற்கும் உலை கொதிக்கும் இடத்திற்கும் இடையே தூரம் கூடியபோதுதான் ஐயமும் பிறந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1973-ஆம் ஆண்டு குடியானவர்கள் தாமே ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஒருவருக்கொருவர் பண்ணைகளைப் பார்வையிட்டுச் சான்று வழங்கத் தொடங்கினர். அதற்கு ஓராண்டு முன்னர், 1972-இல், உலக அங்கக வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு பிரான்சு நாட்டில் உருவாயிற்று. ஆக, சான்று என்பது தொடக்கத்தில் பொய்யரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உழவர்களே எழுப்பிய வேலியாகும். அரசாங்கங்கள் அதனைச் சட்டமாக்கியது பின்னரே. ஐரோப்பாவில் 1991-இலும், அமெரிக்காவில் 1990-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அமெரிக்கச் சட்டம் 2002-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதும், ஆண்டிற்கு 5,000 டாலருக்கு மேற்படாமல் விற்கும் சிறு பண்ணையாளருக்குச் சான்று பெறுவதினின்று விலக்கு அளித்தது. அவர் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்; ஆனால் சான்று பெற வேண்டியதில்லை. அரசின் முத்திரையை மட்டும் அவர் பயன்படுத்தலாகாது.

நம் நாட்டில் கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. மத்திய வணிக அமைச்சகம் 2001-இல் 'தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்' என்பதை வகுத்தது. தேயிலை, பருத்தி, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கடல் கடந்து விற்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. வெளிநாட்டு வியாபாரியை மனத்திற்கொண்டு தைக்கப்பட்ட அச்சட்டை, ஒன்றரை ஏக்கர் நிலத்தாருக்குத் தொளதொளவென்று இருப்பதில் வியப்பில்லை.

சட்டம் கூறுவது யாது?

'சான்று இல்லாமல் இயற்கை விளைபொருளை விற்பது குற்றம்' என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை முதலில் நீக்குவோம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அங்கக உணவுக்கான விதிகளை 2017-இல் வெளியிட்டது. அவை 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. 'அங்ககம்' என்று பெயரிட்டு விற்கப்படும் உணவுப்பொருள் ஏதேனும் ஒரு முறையில் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். ஆயினும் அவற்றிலேயே ஒரு விலக்கும் உண்டு. சிறு அளவில் விளைவித்தவரோ, விளைவிப்போர் அமைப்போ, தம் பொருளை உண்பவரிடம் நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை. இந்த ஒரு வரியே நம் சிறு குடியானவருக்குத் திறந்திருக்கும் வாசலாகும்.

அவ்வாசலுக்கும் நிலைப்படி உண்டு, அதனை மறத்தலாகாது. முதலாவது, விற்கும் பொருள் தம் சொந்த நிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து வயற்காரரிடம் நெல் வாங்கித் தம்முடையதோடு கலந்து விற்கும் கணமே அவர் வியாபாரியாகி விடுகிறார். விலக்கு அவருக்குப் பொருந்தாது. இரண்டாவது, கடைக்காரருக்குக் கொடுத்து அவர் மறுபடி விற்பாராயின் அது நேரடி விற்பனை ஆகாது. மூன்றாவது, சான்று பெறாதவர் 'ஜைவிக் பாரத்' முத்திரையையோ வேறு அங்கக முத்திரையையோ பையில் அச்சிடலாகாது. நான்காவது, எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டி எண்ணெயாகவும், மிளகாயை அரைத்துப் பொடியாகவும் விற்க முனைவோருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். இப்பதிவு வேறு, அங்ககச் சான்று வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலராதலால் இதனை அழுத்திக் கூறுகிறோம்.

இரு வகைச் சான்றுகள்

சான்று பெற விரும்புவோர்க்கு நம் நாட்டில் இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, மேற்கூறிய தேசியத் திட்டத்தின்படி வெளியார் ஒருவர் வந்து ஆய்வு செய்து அளிக்கும் சான்று. தமிழ்நாட்டில் இதற்கெனவே 2007-இல் அரசு ஒரு துறையை ஏற்படுத்தியது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அத்துறை, விதைச்சான்றுப் பணியோடு அங்ககச் சான்றுப் பணியையும் செய்து வருகிறது. விண்ணப்பிப்பவர் நில ஆவணம், வயலின் வரைபடம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம் முதலியவற்றைத் தரவேண்டும். கட்டணமும் உண்டு. ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். அதன் பின்னரே முழுச் சான்று கிட்டும். ஏற்றுமதிக்கு உதவுவது இச்சான்றே.

இரண்டாவது வழி, 'பங்கேற்பு உத்தரவாத முறை' எனப்படுவது; சுருக்கமாக பி.ஜி.எஸ். என்பர். மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் காசியாபாத்தில் இயங்கும் தேசிய மையம் இதனை 2011 முதல் நடத்தி வருகிறது. ஒரே ஊரையோ அடுத்தடுத்த ஊர்களையோ சேர்ந்த குறைந்தது 5 குடியானவர்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றனர். நஞ்சு தெளிப்பதில்லை என உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுகின்றனர். ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு அறிக்கை எழுதுகின்றனர். குழு கூடி யார் தேறினார், யார் தேறவில்லை என முடிவு செய்கிறது. வட்டார அமைப்பு ஒன்று அம்முடிவைச் சரிபார்த்து ஏற்கிறது. மாறுதல் காலத்தில் இருப்போருக்கு 'பசுமை' என்னும் நிலையும், அதனைக் கடந்தோருக்கு 'அங்ககம்' என்னும் நிலையும் வழங்கப்படுகின்றன. சான்றுக்கெனக் குடியானவரிடம் கட்டணம் பெறுவதில்லை. உள்நாட்டுச் சந்தைக்கு இது போதுமானது. கடல் கடந்து செல்லும் சரக்கிற்கு இது செல்லாது.

இவ்விரண்டாம் வழியின் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்டிற்கு ஓரிரு முறை வரும் அதிகாரியை ஏமாற்றுவது சிலருக்கு எளிதாகலாம். ஆனால் நாள்தோறும் வரப்பில் நடக்கும் அண்டை வயற்காரரை ஏமாற்றுவது எளிதன்று. மருந்து தெளித்த வாடை அவர் மூக்கிற்குத் தெரியும். யூரியா இட்ட பயிரின் கரும்பச்சை அவர் கண்ணுக்குத் தெரியும். அதே வேளையில், அண்டை அயலார் என்னும் தாட்சணியமே உண்மையை மூடிவிடவும் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. குழுவின் தரம் அதன் உறுப்பினரின் நெஞ்சுரத்தைப் பொறுத்தது.

சிறு நிலத்தாரின் சிரமங்கள்

2015–16-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் உள்ள நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நில உடைமையாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 பேர் சிறு, குறு விவசாயிகளே. ஆகவே சான்றின் சுமையை இவர்கள் தோளில் வைத்தே நாம் எடை பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சான்றுக்கான கட்டணம், பரிசோதனை, பயணம், கூலி இழப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டிற்கு 5,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 1,000 கிலோ அரிசி பெறுபவருக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் செலவு கூடுகிறது. பத்து ஏக்கர் உடையவருக்கு அதே செலவு 50 காசாகச் சுருங்கி விடுகிறது. செலவு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே, சுமையோ ஒன்றன்று.

பணத்தினும் பெரிய இடர்கள் வேறு உண்டு. அண்டை வயலில் தெளிக்கும் மருந்து காற்றோடு வரும். மேல்மடை வயலில் இட்ட உரம் பாசன நீரோடு வரும். இதனைத் தடுக்க எல்லையோரம் இடைவெளி விட வேண்டும், அல்லது உயரமான வேலிப் பயிர் வளர்க்க வேண்டும். இருபது ஏக்கர் நிலத்தில் நான்கடி விடுவது பெரிதன்று. அரை ஏக்கர் துண்டு நிலத்தில் சுற்றிலும் விட்டால் மிஞ்சுவது என்ன? மேலும், என்று விதைத்தோம், எந்த எருவை எவ்வளவு இட்டோம், எவ்வளவு விளைந்தது, யாருக்கு விற்றோம் என்று ஏடு எழுதி வைக்க வேண்டும். பள்ளிப் படிப்பு வாய்க்காத முதியவருக்கு மண்வெட்டியினும் பேனா கனமானது. குத்தகைக்குப் பயிரிடுவோரின் நிலை இதனினும் கடினம். நில ஆவணமே அவர் பெயரில் இராது. இரண்டாண்டு மாறுதல் காலம் முடியுமுன் நிலத்தைத் திரும்பப் பெற்றால் அவர் உழைப்பு முழுதும் வீண்.

குழுவாகச் சேர்ந்து ஏற்றுமதிச் சான்று பெறுவோரும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். அச்சான்று குழுவின் பெயரிலோ, குழுவை நடத்தும் அமைப்பின் பெயரிலோ இருக்கும்; தனிப்பட்ட குடியானவரின் கையில் இராது. குழுவை விட்டு வெளியே விற்க நினைத்தால் அச்சான்று அவருக்குத் துணை வராது. கையொப்பமிடுமுன் இதனைக் கேட்டுத் தெளிவது நலம்.

சான்று எதனைச் சொல்லும்?

சான்று பெற்ற பொருளில் நஞ்சு துளியும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சான்று கூறுவது விளைவித்த முறையைப் பற்றியே. ஒவ்வொரு மூட்டையையும் சோதித்து அது எழுதப்படுவதில்லை. ஒரு மாதிரியை ஆய்வுக் கூடத்தில் பல மருந்துகளின் எச்சத்திற்காகச் சோதிப்பதற்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். எனவே சோதனை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நடைபெறுகிறது.

சான்றாளரும் மனிதரே. 2020-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் இரசாயனத்தின் எச்சம் காணப்பட்டது. சான்று பெற்ற அங்ககச் சரக்கும் அதற்குத் தப்பவில்லை. விளைவு, ஐரோப்பிய ஒன்றியம் 2021 இறுதியில் இந்தியாவில் இயங்கிய 5 சான்று நிறுவனங்களைத் தன் ஏற்புப் பட்டியலினின்று நீக்கிற்று. அதே 2021-இல், நம் நாட்டுச் சான்று முறைக்குத் தான் அளித்து வந்த ஏற்பினை அமெரிக்காவும் முடித்துக்கொண்டது. காகிதத்தில் முத்திரை இருப்பதாலேயே மெய் நிலைபெற்று விடாது என்பதற்கு இவை போதிய சான்று.

இதனால் சான்றே பயனற்றது என்பார் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. முகமறியாத கடையில் வாங்குவோருக்கு வேறு என்ன பிடிமானம் உண்டு? சான்று இல்லாத இடத்தில், உரக்கக் கூவுபவனே உத்தமனாகி விடுகிறான். சென்னையில் வாழும் தாய் ஒருத்தி தன் குழந்தைக்குக் கேழ்வரகு மாவு வாங்குகிறாள். அது விளைந்த தருமபுரி வயலை அவள் கண்டதில்லை. அவளுக்கும் அவ்வயலுக்கும் இடையே மூன்று நான்கு கைகள் மாறியிருக்கின்றன. அங்கே சான்று தேவை, கட்டாயம் தேவை.

தூரமே அளவுகோல்

இத்தனையும் எண்ணிப் பார்க்குங்கால் நமக்குத் தோன்றும் முடிவு இதுவே: பொருள் செல்லும் தூரமே சான்றின் தேவையை அளக்கும் கோல். தெரிந்த முகத்திற்கு நேரே விற்பவருக்குச் சான்று வேண்டியதில்லை. திறந்த வயலே போதும். பக்கத்து நகரத்துக் கடை வழியே விற்பவருக்கு அண்டை அயலார் அளிக்கும் பி.ஜி.எஸ். சான்று ஏற்றது. கடல் கடந்து அனுப்புவோருக்கே வெளியார் அளிக்கும் சான்று இன்றியமையாதது. ஒன்றரை ஏக்கர் நிலத்தாரைத் தொடக்கத்திலேயே மூன்றாம் படிக்கு ஏறச் சொல்வது, காலில் முள் குத்தியவனுக்குக் கையையும் சேர்த்துக் கட்டுவது போலாகும்.

சொல்லையும் முகத்தையும் நம்பிப் பெரும் காரியங்கள் நடைபெறுவதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் நடத்தி வந்த நெல் திருவிழாவை அறியாதார் இரார். பாரம்பரிய நெல் விதையில் 2 கிலோ பெற்றுச் செல்பவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அங்கு நிலவிய ஒழுங்கு. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் மீண்டும் பல மாவட்டங்களின் வயல்களில் தலைசாய்த்து நிற்பதில் அவ்வொழுங்கிற்குப் பெரும் பங்குண்டு.

நேரே விற்பதற்கு இடமும் இல்லாமலில்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதன்முதல் தொடங்கப்பெற்ற உழவர் சந்தை பின்னர்த் தமிழகமெங்கும் பரவிற்று. அங்கு குடியானவருக்கு வழங்கப்படும் அடையாள அட்டை, 'இவர் பயிர் செய்பவர்' என்பதை உறுதி செய்கிறது. எவ்வாறு பயிர் செய்தார் என்பதை அது கூறுவதில்லை. அதனைக் கூற வேண்டியவர் விளைவித்தவரே. கேட்டறிய வேண்டியவர் வாங்குபவரே.

இரு சாராரின் கடமை

சான்றின்றி விற்கும் குடியானவர் சான்று பெற்றவரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும். காகிதம் பேசாத இடத்தில் அவர் வாழ்க்கையே பேச வேண்டியிருக்கிறது. பள்ளி நோட்டு ஒன்றில், தம்மால் இயலாவிடில் படிக்கும் பிள்ளையைக் கொண்டேனும், விதைத்தது, இட்டது, அறுத்தது ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். பின்னாளில் சான்று பெற விரும்பினால் அதுவே முதல் ஆதாரமாக அமையும். 'எப்போது வேண்டுமானாலும் என் வயலுக்கு வாருங்கள்' என்று வாங்குபவரை அழைக்கட்டும். ஓராண்டு பூச்சிக்குத் தோற்று மருந்து தெளிக்க நேர்ந்தால், அதனை மறைக்காமல் சொல்லி, அவ்விளைச்சலைச் சாதாரண விலைக்கே விற்கட்டும். அவ்வாண்டு அவர் இழக்கும் ரூபாய் சிலவே. பெறும் நம்பிக்கையோ பல ஆண்டுகளுக்கு வட்டி தரும்.

வாங்குவோரே, உங்களுக்கும் கடமை உண்டு. சான்று கேட்காமல் வாங்க விரும்புவோர் அதற்கு ஈடாகத் தம் காலைச் சற்று அசைக்க வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வயலுக்குச் சென்று வாருங்கள். எருக்குழி இருக்கிறதா, மாடு இருக்கிறதா, வரப்பில் மருந்துப் புட்டி கிடக்கிறதா என்று பாருங்கள். சொத்தைக் கத்தரிக்காய் இரண்டு கிடந்ததற்காக முகம் சுளியாதீர்கள். நியாய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 'இயற்கை விளைச்சல் வேண்டும், ஆனால் சந்தை விலைக்கே வேண்டும்' என்பவர் தாமறியாமலே குடியானவரை மருந்துக் கடைக்கு அனுப்புகிறார்.

நம் பங்குகளில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பயிர் செய்யும் குடும்பங்களும் வாங்கி உண்ணும் குடும்பங்களும் வாரந்தோறும் ஒரே கூரையின் கீழ்க் கூடுகின்றன. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றன. ஐந்து குடியானவர்கள் மனமொத்தால் ஒரு குழுவாகலாம். இருபது குடும்பங்கள் மனமொத்தால் அவர்களின் அறுவடைக்கு முன்கூட்டியே விலை பேசலாம். இதற்குப் பெரிய மூலதனம் எதுவும் வேண்டியதில்லை.

சான்றிதழ் வேண்டும் என்று எவரேனும் உங்களை அவசரப்படுத்தினால், கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் விளைச்சல் யார் கைக்குப் போகிறது? அவர் என்னை அறிவாரா? அறியாராயின், அவருக்காக என்னைப் பற்றிச் சாட்சி சொல்லத் தக்கவர் யார்? இவற்றிற்கு விடை கண்டவர் எந்த அலுவலகத்திற்குச் செல்வது, செல்லாதிருப்பது என்பதைத் தாமே தெளிவார். அண்டை வீட்டாருக்கு அரிசி விற்க முத்திரை தேவையில்லை; அளவு படி சரியாக இருந்தால் போதும்.